பேசுகிறவர் அடுப்பைத் தொடக் கூடாது

என் வகுப்பில் எல்லோரும் பிரெஞ்சு நன்றாக எழுதுவார்கள். வினைச்சொல் அட்டவணையைக் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் "இன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டுவிட்டால் போதும், மேலே சுழலும் மின்விசிறியைப் பார்ப்பார்கள். கீழே செருப்பைப் பார்ப்பார்கள். என்னை மட்டும் பார்க்க மாட்டார்கள்.

புதுச்சேரி அரசுப் பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் சும்மா இருந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்து என்று என் கணவரே ஏற்பாடு செய்துகொடுத்தது இந்தச் சனிக்கிழமை வகுப்பு. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சங்கத்தின் மாடி. படிக்க வருகிறவர்கள் எல்லாம் பெரியவர்கள். ஓட்டல் வரவேற்பில் நிற்கிற பெண் ஒருத்தி, கனகசெட்டிக்குளம் மீனவக் கிராமத்திலிருந்து பைக்கில் வருகிற இளைஞன் ஒருவன், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், இன்னும் சிலர். மேனேஜரின் மகன் பிரான்சில் துலூஸ் நகரத்தில் இருக்கிறான். பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவதில்லை. அதனால் தாத்தா பிரெஞ்சு படிக்கிறார். நியாயம்தானே.

எனக்குப் பொறுமை கிடையாது. யாராவது தப்பாக ஒரு சொல் சொன்னால் அந்தச் சொல் தரையில் விழுவதற்கு முன் பிடித்துத் திருத்திவிடுவேன். அது என் பழக்கம், மாற்றிக்கொள்கிற உத்தேசமும் இல்லை. ஆனால் பேசவே பேசாதவர்களிடம் எதைத் திருத்துவது? பாடப்புத்தகம் வேறு என் உயிரை வாங்கியது. மலையில் பனிச்சறுக்கு விளையாடப் பிடிக்குமா என்று கேட்கிறது. கட்டுமரமும் கடலுமாக வளர்ந்த பையன் அதற்கு என்ன சொல்வான்? "பிடிக்கும்" என்று எழுதிவிட்டு பேனாவை மூடி வைத்துவிட்டான்.

இதே ஆட்கள்தான் இடைவேளையில் டீ வந்ததும் மாடியே அதிரப் பேசுவார்கள். ஒருநாள் சண்டை, சங்கரா மீன் குழம்புக்கு மாங்காய் போடலாமா கூடாதா என்பது. கனகசெட்டிக்குளத்தான் போடலாம் என்கிறான். மேனேஜர் கூடவே கூடாது என்கிறார். ஓட்டல் பெண் இரண்டு பேரையும் மடக்குகிறாள். டீ ஆறிப்போனது யாருக்கும் தெரியவில்லை. நான் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இவர்களுக்கு வாய் இருக்கிறது, நான்தான் தப்பான இடத்தில் தேடுகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வாரம் சங்கத்துச் செயலாளரிடம் போய் வகுப்பில் அடுப்பு வைக்க வேண்டும் என்றேன்.

"இன்னா மேடம் சொல்றீங்க? இது பிரெஞ்சு கிளாஸா, மெஸ்ஸா?" என்றார்.

"வாய் திறக்காத கிளாஸ். அத தொறக்கத்தான் அடுப்பு."

"கேஸ்லாம் வேணாம் மேடம். மாடி பழசு. கட்டை பத்திக்கும். நான் யாருக்குப் பதில் சொல்றது?"

கேஸ் இல்லை, இண்டக்‌ஷன் அடுப்புதான் என்றேன். அப்போதும் முகத்தைச் சுளித்தார். "கறி மீனு வாசனை வராம பாத்துக்குங்க, கீழ யோகா நடக்குது" என்று சொல்லி விட்டுவிட்டார். நல்ல மனிதர். அதன் பிறகு சனிக்கிழமைகளில் சரியாகச் சாப்பாடு தயாராகிற நேரத்துக்கு அவருக்கு மாடியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

வகுப்புக்கு ஒரே ஒரு விதி வைத்தேன். வாரம் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பிரெஞ்சில் சொல்ல வேண்டும். இன்னொருவர் அடுப்பருகே நின்று செய்ய வேண்டும். பேசுகிறவர் அடுப்பைத் தொடக் கூடாது, கையைக் காட்டவும் கூடாது. செய்கிறவர் பேசக் கூடாது, சொன்னதை மட்டும், சொன்னபடியே செய்ய வேண்டும். தமிழில் ஒரு வார்த்தை வந்தாலும் அடுப்பை அணைத்துவிடுவேன்.

முதல் வாரம் ஆம்லெட். கனகசெட்டிக்குளத்து இளைஞன் நாற்காலியில், மேனேஜர் அடுப்பருகே. "உப்புப் போடுங்கள்" என்று பிரெஞ்சில் அழகாகச் சொன்னான். எவ்வளவு என்று சொல்லவில்லை. மேனேஜர் வாழ்நாள் முழுக்க விதிப்படி நடந்தவர் அல்லவா, பொட்டலத்தைக் கத்தரித்து அப்படியே கவிழ்த்தார். பையன் நாற்காலியிலிருந்து எழுந்து "அய்யோ" என்றான். அடுப்பை அணைத்தேன். அன்றைக்கு எல்லோரும் வெறும் ரொட்டிதான் சாப்பிட்டோம். 'கொஞ்சம்' என்பதற்கு பிரெஞ்சில் என்ன என்று அந்த வகுப்பில் யாரும் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள்.

வாரங்கள் போகப் போக மாடி கலகலத்துவிட்டது. வெட்டு, நறுக்கு, கிளறு, மூடு, இறக்கு எல்லாம் தானாக வாயில் வந்தது. உருளைக்கிழங்கு அடிபிடிக்கும்போது யாருக்கும் இலக்கணத்துக்குப் பயப்பட நேரமில்லை. நானும் திருத்தோ திருத்தென்று திருத்தினேன். எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

ஒருத்தி மட்டும் வாய் திறக்கவில்லை.

மூலக்குளத்திலிருந்து வருகிறவள் அவள். வில்லியனூர் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். இப்போது அப்பா டவுனில் வேன் ஓட்டுகிறார், அவள் துணிக்கடையில் பில் போடுகிறாள். சொல்தா குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவனின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, சிப்பாயாக இருந்தவர், அதனால் அந்த வீட்டில் எல்லோரிடமும் பிரெஞ்சு பாஸ்போர்ட். கணவன் பாரிசுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறான். கல்யாணத்துக்கு வந்தான், லீவு முடிந்ததும் போய்விட்டான். இவள் பிரெஞ்சுத் தேர்வு எழுதினாள். எழுத்தில் முதல் தரம். வாய்மொழியில் இரண்டு முறையும் தோல்வி. தேர்வு நடத்தியவர் முன்னால் உட்கார்ந்து, கேட்டது எல்லாம் புரிந்தும், ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து வந்திருக்கிறாள்.

"பரீட்சை பாஸ் பண்ணாதான் விசா தருவாங்களா?" என்று ஒருநாள் படியில் இறங்கும்போது கேட்டேன்.

"விசால்லாம் வந்துடுச்சு மேடம். பொங்கலுக்கு அப்பறம் டிக்கெட்டும் போட்டுட்டாரு."

"அப்பறம் ஏன் இந்தப் பாடு?"

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "எங்க நாத்தனார் அங்கதான் இருக்காங்க மேடம். அவர விடப் பெரியவங்க. போயி ரொம்ப வருசம் ஆயிடுச்சு. இன்னும் பேச்சு வரல. கடைக்குப் போனா கைய காட்டுவாங்க. டாக்டர்கிட்ட போனா பொண்ண கூட்டிக்கினு போவாங்க, அதுதான் பேசும். சின்னப் பொண்ணு, ஸ்கூல்ல படிக்குது. போன வருசம் வயித்துல கட்டி இருக்குன்னு டாக்டர் சொன்னத அந்தக் கொழந்ததான் அம்மாகிட்ட சொல்லுச்சு. அழுதுக்கினே சொல்லுச்சாம். கட்டிய எடுத்துட்டாங்க, இப்ப ஒண்ணும் இல்ல. ஆனா அத நெனச்சா எனக்குத் தூக்கம் வரல மேடம்."

அவள் கைப்பிடியை விட்டுவிட்டு இன்னொரு படி இறங்கினாள்.

"நான் அப்டி போவ மாட்டேன். நாளைக்கு எனக்கும் கொழந்த பொறக்கும். அது வாயால நான் பேசக் கூடாது. டிசம்பர்ல இன்னொரு பரீட்ச இருக்கு. அதுல பாஸானா எனக்கே நம்பிக்க வரும். இல்லன்னா அங்க போயி ஊமையாத்தான் நிப்பேன்."

பரீட்சை என்பது அவளுக்குச் சான்றிதழ் இல்லை என்று அன்றுதான் புரிந்தது. தன் வாய் தனக்கு வேலை செய்யும் என்று அவளுக்கே தெரிய வேண்டும், அவ்வளவுதான். அன்று வீட்டுக்குப் போய் என் கணவரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். அந்தக் குழந்தை அழுதுகொண்டே மொழிபெயர்த்ததை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆனால் வகுப்பில் அவள் நான் போட்ட விதிக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டாள். செய்கிறவர் பேசக் கூடாது என்றேன் இல்லையா? ஒவ்வொரு வாரமும் முதல் ஆளாகக் கத்தியை எடுத்துக்கொள்வாள். பிரெஞ்சில் எதைச் சொன்னாலும் தப்பில்லாமல் செய்வாள். காரட்டை மெல்லிய வட்டமாக நறுக்கு என்றால் கண்ணாடி போல நறுக்குவாள். எல்லோரும் பாராட்டுவார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் வலுக்கட்டாயமாக நாற்காலியில் உட்கார வைத்தேன். தண்ணீர் கொதித்தது. அடுப்பருகே நின்ற ஓட்டல் பெண் கரண்டியோடு காத்திருந்தாள். இவள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாதியாக வற்றும் வரை பொறுத்துப் பார்த்து நானே அணைத்தேன். அவள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள், கண் சிவந்திருந்தது. மறுபடியும் கத்தியை எடுத்தாள். அன்று எனக்குத் துக்கமாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு சனிக்கிழமை. மேனேஜர் சில மாதங்கள் துலூசில் மகன் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். தலையில் கம்பளித் தொப்பி, நடையில் ஒரு மிடுக்கு. புதுச்சேரி மழைக்குக் கம்பளித் தொப்பி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அன்று காய்கறி சூப். பெரிய மார்க்கெட்டில் நானே போய் காரட், உருளை, வெங்காயம், டர்னிப்புக்குப் பதில் நூக்கல் எல்லாம் வாங்கி வந்திருந்தேன். நாற்காலியில் ஓட்டல் பெண். அடுப்பருகே மேனேஜர். எங்கள் மூலக்குளத்துப் பெண் பக்கத்து மேஜையில் வழக்கம்போல நறுக்கிக்கொண்டிருந்தாள்.

சூப் கொதித்து, வெண்ணெய் வாசனை கீழே யோகா வரைக்கும் போயிருக்கும். எல்லோர் கையிலும் கிண்ணம். ஓட்டல் பெண் "கூத்தே!" என்றாள். சுவைத்துப் பாருங்கள் என்று அர்த்தம்.

மற்ற வாரங்களில் இந்தச் சொல்லுக்கு எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்வார்கள். கரண்டியிலிருந்து உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கி உப்புப் பார்ப்பார்கள். அதை நான் சொல்லித்தரவில்லை, நம் வீடுகளில் யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மேனேஜர் துலூசிலிருந்து வந்தவர் ஆயிற்றே. மரக்கரண்டியால் அள்ளினார். ஊதினார். கரண்டியை நேரே வாயில் வைத்து உறிஞ்சினார். கண்ணை மூடி ருசியில் சொக்கிப்போய் "தெலிசியே!" என்றார். பிறகு அதே கரண்டியைப் பானையில் விட்டு நன்றாக ஒரு கலக்குக் கலக்கினார்.

கனகசெட்டிக்குளத்து இளைஞன் தன் கிண்ணத்தை மெதுவாக மேஜைமேல் வைத்தான். ஓட்டல் பெண் என்னைப் பார்த்தாள். வயதில் பெரியவர், மேனேஜர், எப்படிச் சொல்வது? படியில் ஏறி வந்த செயலாளர் வாசலிலேயே நின்றுவிட்டார். மேனேஜர் ஒன்றும் தெரியாமல் இன்னொரு கரண்டி அள்ளப் போனார்.

கத்தி மேஜைமேல் விழுகிற சத்தம் கேட்டது.

"நோன், மிசியே! நோன்!"

வேண்டாம் ஐயா, வேண்டாம் என்கிற அந்தக் குரல் யாருடையது என்றே எனக்கு முதலில் தெரியவில்லை. அந்தக் குரலை நான் அவ்வளவு உரக்கக் கேட்டதே இல்லை.

"இன்னாம்மா ஆச்சு?" என்றார் மேனேஜர் தமிழில். நான் அடுப்பை அணைக்கக்கூட மறந்துவிட்டேன்.

அவள் தமிழுக்கு வரவில்லை. பிரெஞ்சிலேயே, "அந்தக் கரண்டி! அது இப்போது..." என்று ஆரம்பித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "மேடம், எச்சிலுக்கு பிரெஞ்சில் என்ன சொல்வது?" அதையும் பிரெஞ்சில்தான் கேட்டாள்.

வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. வாயில் ஊறும் நீருக்குச் சொல் இருக்கிறது, தட்டில் மிஞ்சுவதற்குச் சொல் இருக்கிறது. எச்சிலுக்கு அந்த மொழியில் சொல் கிடையாது. இத்தனை வருஷம் கற்றுக்கொடுத்தும் அன்றுதான் அதைக் கவனித்தேன்.

"தெரியாது. நீயே விளக்கிச் சொல்" என்றேன்.

அவளுக்கு யோசிக்க நேரமில்லை. மேனேஜர் கையில் கரண்டி இன்னும் இருந்தது. "வாய் கரண்டியைத் தொட்டது" என்றாள். "கரண்டி சூப்பைத் தொட்டது. இப்போது இந்த சூப் உங்களுடையது. உங்களுடையது மட்டும்தான்."

மேனேஜருக்கு முகம் சிவந்தது. ஆனால் விட்டுக்கொடுக்காமல் பிரெஞ்சிலேயே பதில் சொன்னார். மகன் வீட்டில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், யாரும் சாகவில்லை என்றார்.

"அது உங்கள் மகன் வீடு. உங்கள் குடும்பம். இங்கே நாங்கள் எல்லோரும் சாப்பிட வேண்டும்."

"அப்படியென்றால் நீங்கள் எல்லாம் என் குடும்பம் இல்லையா?"

"குடும்பத்திலும் கூடாது" என்றாள். "என் அப்பா செய்தாலும் கூடாது. கையில் ஊற்றிப் பாருங்கள். கடவுள் எதற்குக் கை கொடுத்தார்?"

மாடியே சிரித்தது. வாசலில் நின்ற செயலாளருக்கு பிரெஞ்சு ஒரு அட்சரம் தெரியாது, அவரும் சிரித்தார். சண்டை அதோடு நிற்கவில்லை. கிளாசைத் தூக்கிக் குடிப்பது, ஒருவர் கடித்த பழத்தை இன்னொருவர் கடிப்பது என்று எங்கெங்கோ போனது. அவள் பேச்சில் தப்புகள் மழையாகப் பொழிந்தன. என் கை தன்பாட்டுக்குக் கரும்பலகைப் பக்கம் போனது. ஓட்டல் பெண் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கி, "சும்மா இருங்க மேடம்" என்று காதருகே சொன்னாள். என் வகுப்பில் என்னை அடக்கிய முதல் ஆள் அவள்தான். அடங்கிக்கொண்டேன்.

சூப் முழுவதும் மேனேஜர் வீட்டுக்குத் தூக்குவாளியில் போனது. அடுத்த வாரம் வந்து, "மதாம், என் வீட்டுல இன்னும் ஒரு மாசத்துக்கு சூப்புன்ற பேச்சே எடுக்கக் கூடாதுன்னுட்டா" என்றார். ஆனால் அவர் முகத்தில் பெருமை. அந்தப் பெண்ணைப் பேச வைத்தது தானும் தன் கரண்டியும்தான் என்று இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறார். இல்லை என்று நான் சொல்வதில்லை.

அன்று படியிறங்கும்போது அவள் என் பக்கத்தில் வந்தாள். "மேடம், நான் பேசினேன் இல்ல?"

"பேசல. கத்தின."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மழைத் தண்ணீரா கண்ணீரா என்று தெரியாமல் முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது, தெருவிளக்கு இல்லாதது வசதியாகப் போயிற்று.

பிடி கிடைத்துவிட்டது எனக்கு. கோபம் வந்தால் பேச்சு வருகிற ஜாதி அவள், என்னைப் போல. அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அவளை வம்புக்கு இழுத்தேன். ரசம் என்பது வெறும் தண்ணீர் சூப்தானே என்பேன். சோற்றைக் கையால் பிசைந்தால் ருசி போய்விடும் என்பேன். கூசாமல் பொய் சொல்வேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து முகம் சிவக்க பிரெஞ்சில் என்னை உண்டு இல்லை என்று ஆக்குவாள். கார்த்திகை முடிவதற்குள் கோபம் இல்லாமலே பேச்சு வந்துவிட்டது. வெங்காயத்தை வதக்கச் சொல்லும்போது அவள் குரல் நிதானமாக இருந்தது.

டிசம்பரில் தேர்வு நடந்த கட்டிடத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எதற்குப் போனேன் என்று தெரியாது, கால் கூட்டிக்கொண்டு போய்விட்டது. என் பிள்ளைகள் பரீட்சைக்குக்கூட நான் போய் உட்கார்ந்ததில்லை. டீ ஆறியது, இன்னொன்று சொன்னேன், அதுவும் ஆறியது. அவள் வெளியே வந்து தெருவைக் கடக்கும்போதே பேசத் தொடங்கிவிட்டாள்.

"வீட்டுச் சாப்பாட்ட பத்திப் பேசச் சொன்னாங்க மேடம். மேனேஜர் சாரோட கரண்டிய சொன்னேன். பரீட்ச நடத்தின மதாம், தன்னோட அம்மா இன்னிக்கும் அப்டித்தான் ருசி பாப்பாங்கன்னு சொன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"உங்க வீட்ல மத்தவங்கள நெனச்சா பாவமா இருக்குன்னேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் தேறிவிட்டாள். நல்ல மதிப்பெண்.

பொங்கல் கழித்து விமானம் ஏறினாள். அவள் இல்லாத சனிக்கிழமைகளுக்கும் பழகிக்கொண்டோம். கத்திக்கு இப்போது போட்டி இல்லை, நாற்காலிக்குத்தான் போட்டி. மேஜையில் ஒரு மரக்கரண்டி தனியாக இருக்கிறது, அது மேனேஜருக்கு மட்டும். செயலாளர் ஒரு தட்டும் டம்ளரும் மாடியிலேயே வைத்துவிட்டார். எனக்கும் குறை ஒன்றுமில்லை. இன்னும் திருத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளிடமிருந்து போனில் செய்தி வந்தது. "மேடம், நாத்தனார் வீட்டு கிச்சன்ல நம்ம கிளாஸ் நடக்குது. அவங்க நாற்காலி, நான் கத்தி. வர்ற வாரம் டாக்டர்கிட்ட அவங்களே பேசறேன்னு சொல்லி இருக்காங்க. பொண்ணு ஸ்கூலுக்குப் போவுது, லீவு போடல. நான் சும்மா பக்கத்துல நிப்பேன்." அதற்குக் கீழே ஒரு குரல் பதிவு.

அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன். முதலில் ஒன்றும் இல்லை. எங்கோ குழாயில் தண்ணீர் ஓடியது, நின்றது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு நான் கேட்டறியாத ஒரு பெண் குரல், கொஞ்சம் வயதான குரல், வெங்காயத்தை வெட்டச் சொல்லி பிரெஞ்சில் மெல்லச் சொன்னது. சொன்னதில் ஒரு தப்பு இருந்தது. ஆனாலும் கத்தி வெட்டத் தொடங்கிவிட்டது.